ஆயிரத்தில் மூன்று பேர்

சிமெட்ரி ரோட்டுச் சந்துக்குள் வந்த பெண்
திரையில் ஆயிரம் புள்ளிகள் காட்டினாள்.
"ஒரு பேச்சுக்கு வச்சுக்குங்க சார்,
உங்க வயசுல வருஷத்துக்கு எட்டுப் பேர்
பாத்ரூம்ல விழுந்து இடுப்பு ஒடையுது.
இந்தக் கைப்பிடி மாட்டினா அஞ்சு பேர்தான்.
இதுக்கு எவ்ளோ குடுப்பீங்க?"

மிச்சமான மூன்று பேர் யார் என்று கேட்டேன்.
அவளுக்குத் தெரியவில்லை.
எனக்கு ஒருவனைத் தெரியும்.
கல்மண்டபத்து ஏசடியான்,
காசிமேட்டில் ஐஸ் பாரைத் தனியாகத் தூக்கிய தோள்,
கரைந்துபோன சோப்புத் துண்டை மிதித்தான்.
பதினோரு மாதம் கூரையைப் பார்த்தபடி கிடந்தான்.

ஹார்பரில் கரி இறக்கிய காலத்தில்
மூக்குக்குத் துணி கொடுத்தார்கள், இனாமாக.
நான் அதில் பீடிக்கட்டைச் சுற்றி
இடுப்பில் செருகிக்கொண்டேன்.
சளி கறுப்பாக வரும்,
யாருடையது அதிகக் கறுப்பு என்று பந்தயம் கட்டுவோம்.
அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால்
அந்தத் துணியை ஒரு டீக்கு விற்றிருப்பேன்.
விற்றேனோ என்னவோ.

இன்றைக்கு என் அலமாரியைப் பார்:
பிரஷர் மிஷின், இரண்டாயிரத்து நூறு
(காலையில் ஒரு நம்பர்,
சலேத்து திட்டி முடித்ததும் வேறு நம்பர்);
உப்பு என்று பேர் மட்டும் உள்ள உப்பு;
எம்.சி. ரோட்டில் பேரம் பேசி வாங்கிய வழுக்காத செருப்பு;
மணலிப் பக்கத்து வாடை அடிக்கும் ராத்திரிகளுக்கு
ஒரு மாஸ்க், காசு கொடுத்து.
பானை நிறையச் சோறு இருக்கையில்
எவன் அடி வழிக்கிறான்?

விரல் திரைமேல் காத்திருந்தது.
"முந்நூறு போட்டுக்கோ" என்றேன்.
அடுப்படியிலிருந்து சலேத்து:
"அவர் உசுருக்கு அவர் சொல்றது இருக்கட்டும்.
ஒடைஞ்சா தூக்கிக் கழுவப் போறது நானு.
எனக்கு எவ்ளோன்னு கேளும்மா."
ஒரு வீட்டுக்கு ஒரு பதில்தானாம்.
அந்தப் பெண் கொஞ்சம் யோசித்து
முந்நூறையே அழுத்திவிட்டு
அடுத்த வீட்டு மணியடிக்கப் போனாள்.

குளிக்கப் போனேன்.
குழாய் சுவரோடு ஆடுகிறது.
ஒரு வருஷமாக அதைப் பிடித்துத்தான் எழுகிறேன்.
பிளம்பர் இரண்டு தடவை வந்து பூசிவிட்டான்,
தடவைக்கு நானூறு.
இதை அவள் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

"தாப்பா போடாதே" என்கிறாள் சலேத்து வெளியிலிருந்து.
போடவில்லை.