லோக் பிரசாதின் சட்டைப்பை

சோஹார் துறைமுகத்தில் ஆகஸ்ட் மாதம்
காற்று என்று ஒன்று கிடையாது.
பிழியாத ஈரத்துணிதான் உண்டு.
அதை முகத்தில் போர்த்திக்கொண்டு
வேலைக்குப் போகிறோம்.

கன்டெய்னரைத் திறந்தபோது
உள்ளே மழை பெய்து ஓய்ந்திருந்தது.
நடுக்கடலில், பூட்டிய இரும்புக்குள்,
பகலெல்லாம் மூட்டைகள் வியர்த்து
இரவில் கூரை குளிர்ந்து
சொட்டிய மழை.
எந்த வானிலை அறிக்கையிலும் வராதது.

மேல் வரிசைச் சாக்குகளில்
மஞ்சள் கலந்த பச்சையாய் ஒரு பவுடர்.
லோக் பிரசாத் அதன்மேல் ஏறி நின்று
குழாய் ஊசியை இறக்குகிறார்.
நூறு இடத்தில் குத்தியாக வேண்டும்.
ஒரு பருப்பில் இருக்கும்,
அடுத்த ஐயாயிரத்தில் இருக்காது.

அரைத்து, மெத்தனாலில் குலுக்கி, வடித்து
இயந்திரத்திடம் கொடுத்தால்
திரையில் ஒரு மலை வரையும்.
இன்றைக்கு மலையின் உச்சி
திரைக்கு வெளியே போய்விட்டது.

அஃப்ளடாக்சின்.
வறுத்தாலும் முழுசாய்ப் போகாது.
கண்ணுக்குத் தெரியாது, நாறாது,
அன்றைக்கு வயிற்றைக்கூட வலிக்காது.
ஈரல் மட்டும்
ஒரு நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டே வரும்.

செடி தாகத்தில் நின்ற வருஷம்தான்
பூஞ்சைக்கு நல்ல வருஷம்.
இந்த விஷத்தை அது எதற்காகச் செய்கிறதென்று
படித்தவர்களுக்குள்ளேயே
இன்னும் வழக்குத் தீரவில்லை.
"அதுக்கு நம்மளத் தெரியவே தெரியாது, ஜுனைதா"
என்கிறார் ஷம்ஸா அல் பலூஷி,
கையெழுத்துப் போட்டபடியே.

முத்திரை குத்துவது என் வேலை.
அரபியில் முழு வரி.
ஆங்கிலத்தில் ஒரே சொல்.
அன்ஃபிட்.

அந்தச் சொல் எனக்குப் புதிதில்லை.
ராயப்பேட்டை மெடிக்கல் சென்டரில்
அண்ணன் தமீமின் பாஸ்போர்ட்டோடு
திரும்பி வந்த சொல்.
அவனிடமும் ஊசி போட்டுத்தான் மாதிரி எடுத்தார்கள்.
ஈரலைத் தின்னும் கிருமி
அவன் ரத்தத்தில் இருப்பதை
விசா கிடைக்காமல் போனதால் தெரிந்துகொண்டோம்.
"ஒரு விதத்துல நல்லதுதான்" என்றாள் உம்மா.
எந்த விதம் என்று சொல்லவில்லை.
ஏஜென்ட் பணமும் திரும்பவில்லை.
அவனுக்குப் பதில் அடுத்த வருஷம்
நான் விமானம் ஏறினேன். ஃபிட்.

தரகர் மூன்று தடவை அழைத்துவிட்டார்.
சரக்கை என்ன செய்வதாம்.
திருப்பி அனுப்பலாம், எரிக்கலாம் என்றேன்.
அவர் மனசில் மூன்றாவது ஒன்று இருக்கிறது.
இவ்வளவு கேள்வி கேட்காத
ஏதோ ஒரு துறைமுகம்.

ஷிஃப்ட் முடிந்து
ரெஜிஸ்டரில் கைநாட்டு வைக்க வந்த லோக் பிரசாதின்
இடது கன்னம் அசைந்துகொண்டிருந்தது.
"என்ன சாப்பிடுறீங்க?"
"மேல் சாக்கு இல்ல மேடம், நடுச் சாக்கு.
அது நல்லா இருந்துச்சு."
ஆறு வருஷமாகத் தின்கிறாராம்.
மதியச் சாப்பாட்டு வேன் தாமதமானால்
வேறென்ன செய்வது.

சட்டைப்பையைக் கவிழ்க்கச் சொன்னேன்.
பதினேழு பருப்பு, கொஞ்சம் செந்தோல்,
ஒரு பழைய சிம் கார்டு.

இருட்டறைக்குள் கொண்டுபோய்
ஊதா விளக்கைப் போட்டேன்.
இரண்டு மட்டும் நீலமாய் எழுந்தன,
யாரோ ஊதிவிட்டதைப் போல.
விளக்கை முழுசாய் நம்பக் கூடாது.
ஒளிர்வதெல்லாம் விஷமில்லை,
இருண்டு கிடப்பதெல்லாம் சாப்பாடுமில்லை.
அதை இந்தியில் சொல்ல எனக்கு வரவில்லை.
தின்று முடித்ததில் எத்தனை ஒளிர்ந்திருக்கும் என்று
அவரும் கேட்கவில்லை.

வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு
"அழகா இருக்கு மேடம்" என்றார்.
மகளுக்கு அனுப்பப் போனை எடுத்தார்.
இரண்டு தடவை எடுத்தும்
படத்தில் நீலம் விழவில்லை.
கறுப்பு,
ஓரத்தில் அவர் கட்டைவிரல்.