ஷட்டர் ரிப்பேர், 24 மணி நேரமும்

போர்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது,
கீழே ஒச்சப்பன் என்று என் பேரும் போன் நம்பரும்.
தெற்குவெளி வீதியில் ஒரு மத்தியானம்
ஒரு அம்மா வந்து மேசைமேல் வைத்தார்
செங்கல் அளவில் ஒரு தோல் பை.
“ஷட்டர் மூட மாட்டேங்குது.”

மூடாத ஷட்டர் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.
சுருள்வில் அறுந்து பாதியில் தொங்கியது,
எலி குட்டி போட்டது,
அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பூட்டுப் போட்டுச்
சாவியைத் தொலைத்தது.
பையைத் திறந்தால் இரட்டைக் கண் யாஷிகா.

“இது அந்த ஷட்டர் இல்லைங்க.”
“தெரியும். கேமராக் கடையில மூணு பேர்
எடைக்குப் போடச் சொல்லிட்டாங்க.
நீங்க ஒருத்தர்தான் ரிப்பேர்னு எழுதி வச்சிருக்கீங்க.”

அமலோற்பவம். கூட்டுறவு வங்கியில் காசாளர்.
ஐந்நூறில் ஒரு பங்கு வைத்தால் ஓடுகிறது.
ஒரு நொடி வைத்தால்
திறந்தது திறந்தபடி நிற்கிறது.
செட்டிப்பொடவு குகைக்குள் உட்கார்ந்திருப்பவரை எடுக்க
அவருக்கு அந்த ஒரு நொடி வேண்டும்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்:
தையல் மெஷின் எண்ணெய், ஒரு சொட்டு.
ஷட்டர் என்றால் எண்ணெய் கேட்கும்,
இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கைக்கு
அது ஒன்றுதான் தெரியும்.

காலையில் பார்த்தால்
வெங்காயச் சருகு போன்ற ஐந்து இதழும்
நனைந்த ரூபாய்த் தாளாய் ஒட்டிக் கிடந்தன.
இப்போது ஐந்நூறும் ஓடவில்லை.

போன் போட்டு உள்ளதைச் சொன்னேன்.
அந்தப் பக்கம் நோட்டு எண்ணும் மெஷின் சத்தம்.
அது நிற்கும்வரை அவர் பேசவில்லை.
பிறகு,
“கெடுத்த கையே திருத்தட்டும்” என்றார்.

மூன்று ராத்திரி.
கண்ணாடிக் கடையில் இரவல் வாங்கிய திருப்புளி,
லைட்டர் பெட்ரோல், காது குடையும் பஞ்சு.
கழற்றிய திருகுகளைக் காலண்டர் தாளில்
தேதிக்கு ஒன்றாய் வைத்தேன்.
பதினேழாம் தேதி காணாமல் போனது.
உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைத்
தரையெல்லாம் இழுத்தேன்,
கடை திறந்த நாள் முதலான இரும்புத்தூள்
மீசையாய் முளைத்து வந்தது.
மீசைக்குள் இருந்தது, கடுகில் பாதி.

லாரி போனால் மேசை அதிரும்.
கையைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பேன்
அறுவை செய்கிற டாக்டர் மாதிரி.
பார்த்தால் சிரிப்பீர்கள்.

ஏழாவது கழுவலில்தான் பஞ்சு வெள்ளையாய் வந்தது.
நான் விட்ட எண்ணெய் முதல் கழுவலிலேயே போய்விட்டது.
மற்ற ஆறும்
எனக்கு முந்தி எவனோ விட்டது, காய்ந்து கோந்தானது.
ஆக, என்னைப் போல் ஒருத்தன் இருந்திருக்கிறான்.
அவன் யாருக்கும் போன் போட்டானோ என்னவோ.

வெறும் இதழ் வெறும் இதழின்மேல் சறுக்கியது,
எண்ணெயே இல்லாமல்.
இரும்பு அப்படியும் ஓடும் என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஒரு நொடி வைத்து அழுத்தினேன்.
தீப்பெட்டிக்குள் பொன்வண்டு நடக்கிற சத்தம்,
பிறகு ‘டிக்’.
போனில் பதிந்து அளந்தால் ஒன்றே கால் நொடி.
அதற்குமேல் எனக்கு வரவில்லை.
“இருக்கட்டும். கல்லுக்கு என்ன அவசரம்” என்றார்.
கூலி கேட்க நாக்கு எழவில்லை. அவரே வைத்தார்,
பழக்கத்தில் இரண்டு தடவை எண்ணி.

பத்து நாள் கழித்து வாட்ஸப்பில் படம் வந்தது.
கல் அசையவில்லை.
தோளுக்கு மேலே
கரித்துணியால் துடைத்த மாதிரி ஒரு இழுப்பு.
வவ்வால், என்று எழுதியிருந்தார்.
நான் மிச்சம் வைத்த கால் நொடியில்
அது வந்திருக்குமோ?

அன்றைக்கே ராத்திரி பதினொன்றரைக்கு
விளக்குத்தூண் பக்கமிருந்து போன்.
இடுப்பளவில் நிற்கிறதாம், நிஜ ஷட்டர்.
கிரீஸ் டப்பா மூடியைத் திருகிய கை
பாதியில் நின்றது.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
பக்கச் சட்டத்துப் பள்ளத்தில் விரலை விட்டேன்.
எத்தனை வருஷத்துக் கறுப்பு,
அதில் பாதி என் கைங்கரியம்.

“ஒரு துணி இருக்குமா?”

ஜவுளிக்கடையில் வந்து
கேட்கிற கேள்வியைப் பார், என்றார் முதலாளி.