நீலப்பெட்டி நாள்

செவ்வாய் இரவு, மற்றவர்கள் தூங்கிய பின்
அட்டைகளை மடிக்கிறேன்.
பரோட்டாப் பெட்டியைப் பிரித்து
உட்புறத்தை வெளியே திருப்பி
கோர்ன்ஃபிளேக்ஸ் பெட்டிக்குள் செருகி
அதற்கு மேல் பள்ளிக்கூடக் கடதாசிகள்,
எல்லாவற்றுக்கும் மேலே
நிமலன் குடித்த தோடம்பழச் சாற்றுப் போத்தல்.
கொலை செய்தவன்கூட இவ்வளவு கவனமாய் இருக்கமாட்டான்.

எதிர்வீட்டுத் திலகேஸ்வரி அக்கா
"தேங்காய்கூட நான் கையாலதான் திருவுறது" என்று
ஒரு பிறந்தநாள் விழாவில் சொன்னதிலிருந்து இப்படி.
அன்றைக்கு என் கத்தரிக்காய்ப் பால்கறியை
நுனிவிரலால் தொட்டுவிட்டு
"பால் ரின்னோ?" என்று கேட்டார்.
ஒரு கேள்வி. ஆறு வருடம்.

ஐந்து நாற்பதுக்குக் கதவைத் திறக்கிறேன்.
ஆறரைக்கு ஆரபிக்கு நீச்சல்.
இடையில் ஐம்பது நிமிடம்.
அதற்குள் சப்பாத்தைக் கழற்ற வேண்டும்,
வங்கிக் கவுண்டரில் ஒட்டிவைத்த சிரிப்பையும்.
உறைந்த தேங்காய்ப்பூவைக் குசினி மேசையில் அடிக்கிறேன்,
ஒன்று, இரண்டு,
மூன்றாம் அடியில் உதிர்கிறது.
மேல்மாடியிலிருந்து ஆரபி கத்துவாள்:
"சம்பலா?"
மணத்துக்கு முன்னால்
சத்தத்தில் பசிக்கிற பிள்ளை.

வெட்டிய வெங்காயம் பையில் வருகிறது.
அழாமல் தாளிக்கலாம்.
மிச்சமாகும் அழுகையை
நானூற்றியொன்று நெடுஞ்சாலையில்
பிக்கரிங் தாண்டும்போது செலவழித்துக்கொள்கிறேன்.

இஞ்சியும் உள்ளியும் போத்தலில்.
முருங்கைக்காய், அடிமட்டம் வைத்து வெட்டினதுபோல்
ஒரே நீளம்.
பையின் மூலையில் மை கலைந்த எழுத்து:
ஒரு திகதி, ஒரு நீள எண், கடைசியில் பி.
அது ஷிஃப்டாக இருக்கலாம்.
பி ஷிஃப்டுக்காரி கையுறை போட்டிருப்பாள்.
கைமணம் என்கிறார்களே,
அது கையுறையைத் தாண்டி வருமா?
அவளும் ஆறு மணிக்கு வீட்டுக்கு ஓடுவாளா,
யார் வெட்டியதை வாங்கிக்கொண்டு?
சட்டி பொங்குகிறது. யோசிக்க நேரமில்லை.
என்னுடையது என்று நான் போடுவது
அரைத் தேசிக்காய்,
உப்பு,
பிறகு மறந்துபோய் இன்னொருமுறை உப்பு.

ஒரு சனிக்கிழமை ரோஷம் வந்து
முழுத்தேங்காய் உடைத்துத் திருவி, பிழிந்து,
பெருவிரலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு
இரவு ஒன்பதுக்குச் சொதி வைத்தேன்.
ஆரபி ஒரு கரண்டி குடித்தாள்.
"அம்மா, இது பழுதாப் போச்சா?
வழமையான டேஸ்ட் இல்லை."
நிமலன் யன்னலுக்கு வெளியே
மிகவும் கவனமாக எதையோ பார்த்தான்.

புதன்கிழமை, ஏரிப்பக்கமிருந்து காற்று.
ஏஜாக்ஸில் காற்றுக்கு மரியாதை தெரியாது.
கார்க் கண்ணாடியில் உறைபனி சுரண்டிக்கொண்டு நிற்கையில்
தெரு முழுக்க நீலப்பெட்டிகள் குப்புற விழுந்தன,
அட்டைகள் எழுந்து நடந்தன.
நான் உள்ளே திருப்பியதைக் காற்று வெளியே திருப்பி
டோனாவின் வேலியில் ஒட்டிவைத்தது:
பொன்னிறப் பரோட்டா, சிரித்தபடி.
ஓடினேன்.
எதிர்ப்பக்கத்திலிருந்து
இரவுடுப்புக்கு மேல் குளிரங்கி மாட்டி
அக்காவும் ஓடிவந்தார்,
என்னைவிட வேகமாக.

ஒரு இடியப்பப் பெட்டி. நான் வாங்குவதில்லை.
ஒரு தேங்காய்ப்பூப் பை, நான் வாங்காத நிறம்.
இரண்டு ரின்கள்
நடுத்தெருவில் உருண்டுபோய் நிற்க
பள்ளிக்கூட பஸ்
தன் சிவப்புக் கையை நீட்டிக் காத்திருந்தது.
இருவரும் குனிந்தோம்.
"இது உங்கடையோ?"
"தெரியேல்லை. உம்மடையோ?"
"தெரியேல்லை."
விளிம்பில் மிச்சப் பால் வெள்ளையாய் உறைந்திருந்தது.
ஆளுக்கொன்று எடுத்தோம்.

பிறகு காற்றுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு
அக்கா கேட்டார்:
"அந்தப் பரோட்டா
நூல்நூலாய்ப் பிரியுமோ, இல்லாட்டி ஒட்டுமோ?"

"இளகவிடக் கூடாது அக்கா.
கல்லு காய்ஞ்ச உடன
உறைஞ்சபடியே போடோணும்."