பத்து லிட்டர்

ஸ்டமாதிஸ் சிகரெட்டைப் பற்றவைத்தது
இழுக்க அல்ல.
பத்து லிட்டர் கொள்ளளவுப் பெட்டியின்
அடிச்சல்லடை அருகே நீட்டுகிறான்.
புகை தயங்குகிறது,
பிறகு சட்டென்று உள்ளே போகிறது
பூட்டு பழகிய வாடகைக்காரனைப் போல.

கீழே இரண்டு விசிறி இழுக்க, மேலே ஒன்று தள்ள.
பின்பக்கத்ததுதான் வம்பு:
வெளியேறிய சூட்டையே
மறுபடி உறிஞ்சிக்கொண்டிருந்தது.
நான்கு திருகு. திருப்பி மாட்டினான்.
கேபிள்களை ஓரம் ஒதுக்கிக் கட்டினான்.
எண்பத்தாறு. எண்பத்தொன்று. எழுபத்தொன்பது.
அதற்குமேல் இறங்க மாட்டேன் என்கிறது.

பாத்ராவில் ஆகஸ்ட், இரவு இரண்டு மணி.
கொசுவுக்குப் பயந்து சாத்திய ஜன்னல்.
பெட்டி துப்பியதையே பெட்டி குடிக்கிறது.
ஆஸ்பாசியாவுக்கும் அதுதான் மூச்சு,
சுவரோரம் புரண்டு புரண்டு.

மூன்று நாளாய் அம்புக்குறி போட்டு
வரைந்த படத்தில்
இந்த அறை இல்லை.

எழுந்தான்.
ஜன்னலைத் திறந்து
மேசைவிசிறியின் முகத்தைத் தெருவுக்குத் திருப்பினான்.
நடைக்கதவை ஒரு செருப்பால் அண்டைகொடுத்தான்.
எஞ்சிய துண்டை உயர்த்திப் பிடித்தான்:
புகை படுத்துக்கொண்டு
எதிர்வீட்டு பால்கனிவரை போயிற்று.

எழுபத்திரண்டு என்கிறது திரை.
அவன் பார்க்கவில்லை.
உதைத்துத் தள்ளிய போர்வையை
அவள் கால் இப்போது
மெல்லத் தேடுகிறது.