பூஜ்யம் புள்ளி ஒன்று

மூன்றாவதையும் கழற்றிவிடு என்றார் நெமேசியோ.
கோக்கா இலைப் பையிலிருந்து
முன்பு கழற்றிய இரண்டு ஆக்ஸிஜன் சென்சாரையும் எடுத்து
என் மேசையில் வைத்தார்,
விழுந்த பல்லைக் காட்டுகிறவர்போல.

எல் ஆல்ட்டோவில் எல்லாரும் காற்றைத்தான் குறை சொல்வார்கள்.
நாலாயிரம் மீட்டர் உயரம்.
கீழிருந்து வருகிறவனுக்கு ரெண்டு படி ஏறினால் மூச்சு வாங்கும்,
வண்டிக்கும் அப்படித்தானே என்று.
நான் இங்கே பிறந்தவள்.
இந்த மினிபஸ்ஸும் பதினோரு வருஷமாக
இதே தெருக்களில்தான் ஓடுகிறது.

ஸ்கேனர் சொல்கிறது: கலவையில் பெட்ரோல் போதாது.
மீட்டரில் பூஜ்யம் புள்ளி ஒன்று.
நல்ல சென்சார் ஓரிடத்தில் நிற்காது.
ஒன்றுக்கும் ஒன்பதுக்கும் நடுவே
உருளைக்கிழங்குக்காரி பேரம் பேசுவதுபோல
ஏறும், இறங்கும், ஏறும்.
இது ஒரே விலையில் நின்றது.

ஆனால் பிளக்கைக் கழற்றினால் கரி.
பின்னால் போய் நின்றால் பெட்ரோல் நெடி.
வயிறு முட்டத் தின்றவன்
பசி என்கிறான்.

சமையல் கேஸ் குழாயைக் காற்று வடிகட்டியில் செருகி
ஒரு திருகு திறந்தேன்.
பூஜ்யம் புள்ளி எட்டு. ஒரே தாவல்.
சாகவில்லை, நெமேசியோ.
'அப்படியானால் பொய் சொல்கிறதா?'
தெரியவில்லை. வண்டி இரவு இங்கேயே இருக்கட்டும்.

விடிகாலை ஐந்து. கண்ணாடியில் பனி இறுகிக் கிடந்தது.
எஞ்சின் சூடேறுவதற்குள் கேட்டாக வேண்டும்.
ரப்பர் குழாயின் ஒரு முனை காதில்,
மறுமுனை மேனிஃபோல்டில், சிலிண்டர் சிலிண்டராக.
மூன்றாவதில்
டிக்.
டிக். டிக்.

மயிரிழை விரிசல்.
துடிக்கும்போது புகை வெளியே சீறும்,
இரண்டு துடிப்புக்கு நடுவே
தெருக்காற்று உள்ளே நழுவும்.
சென்சார் அதைத்தான் முகர்ந்தது.
முகர்ந்ததைச் சொன்னது.
சூடேறியதும் சத்தம் அடங்கிப்போகும்,
விரிசல் அடங்காது.

வியாழக்கிழமைச் சந்தையில்
வேறொரு மேனிஃபோல்டு கிடைத்தது.
மாட்டி முடித்து அவர் காசு எண்ணுகையில்
பழைய இரண்டையும் ஒவ்வொன்றாக
இடுக்கியில் பிடித்து டார்ச் நெருப்பில் காட்டினேன்.
எட்டு.
எடுத்தால் ஒன்று.
காட்டினால் எட்டு.
இரண்டுமே.

நெமேசியோ பார்த்துக்கொண்டே இருந்தார்.
பிறகு அந்த இன்னொரு கடைக்காரனைத் திட்டினார்,
அய்மாராவில், அவன் அம்மா வழியில் தொடங்கி
கடைப் பெயர்ப்பலகை வரைக்கும்.
திட்டி முடித்தவருக்கு
மூச்சு வாங்கியது.
அவரும் இங்கேயே பிறந்தவர்தான்.