ஒரு கழித்தல் குறி

நாலு பேருக்கு நாற்காலி. எனக்கு ஸ்டூல்.
ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு
ஒரு பெயிண்ட் வாளி வைத்திருந்தார்கள்.
ஜாதகம் பொருத்துகிறவர் மாதிரி
இரண்டு விடைத்தாள்களையும் அக்கம்பக்கமாக விரித்தார்
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்.
பதினான்காம் கேள்வி, ஆ பிரிவு, ஆறாவது வரி.
முகுந்தன் தாளிலும் கழித்தல் குறி இல்லை.
என் தாளிலும் இல்லை.

"சரியானதை நூறு பேரு ஒரே மாதிரி எழுதலாம்மா.
தப்பு எப்படி ஒரே மாதிரி வரும்?"

நல்ல கேள்வி.
பரீட்சையில் வந்திருந்தால்
பதினாறு மார்க்குக்கு எழுதியிருப்பேன்.

ஒரு படிவம் நீட்டினார்கள்.
பெயர்: தே. ஜெபசெல்வி.
தந்தையின் தொழில் எதற்கென்று தெரியவில்லை.
துறைமுகத்தில் கன்டெய்னர் எண்ணுகிறவர்.
ஒன்று குறைந்தால்
விடியும்வரை நின்று மறுபடி எண்ணுகிறவர்.
இதில் முதல் வரியை மட்டும் எழுதினேன்.
கீழே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று
முன்பே அச்சடித்திருந்தது.
'இல்லை'க்கு விரற்கடை இடம்கூட விடவில்லை.
ஓரத்தில் எழுதினேன், செங்குத்தாக.
படிக்கிறவர் தாளைத் திருப்பியாக வேண்டும்,
அல்லது தலையை.

அங்கே சொல்லாமல் வந்த ஒன்று இருக்கிறது.
பரீட்சையன்று மணி பன்னிரண்டரை இருக்கும்.
மின்விசிறி என் தாளைத் தூக்கியது.
அமுக்கிப் பிடித்தபடி நிமிர்ந்தேன்.
முன்பெஞ்சில் முகுந்தனின் முழங்கை,
அதன் கீழே நீல மையில் கொஞ்சம் வரிகள்.
எதையும் படிக்கவில்லை.
படிக்க முடிந்திருந்தால்?
இதை அந்த நாலு பேரில் யாரும் கேட்கவில்லை.
கிண்டியில் ரயிலேறிய நான்தான்
கடற்கரை நிலையம் வரைக்கும்
கேட்டுக்கொண்டே வந்தேன்.
கிர்ணிப்பழம் விற்கிறவர் இரண்டு முறை
என்ன வேண்டும் என்றார்.

வகுப்பு வாட்ஸ்அப்பில் யாரும்
என் பெயரைச் சொல்லவில்லை.
பெயர் வரவேண்டிய இடத்தில்
மூன்று புள்ளி வைத்தார்கள்.

ராத்திரி முகுந்தன் கூப்பிட்டான்.
முதலில் அழுதான். பிறகு நிதானமாகப் பேசினான்.
"நீ என் பேப்பரைப் பாத்தேன்னு சொல்லிடேன், செல்வி.
எனக்கு ஆஃபர் லெட்டர் வந்துடுச்சு.
உனக்கு இன்னும் எதுவும் வரலையே."
அவன் கணக்கில் தப்பு இல்லை.
இரண்டிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஒன்று மிஞ்சும்.
போனை அணைத்துவிட்டுக்
குழம்புச் சட்டியைத் தேய்த்தேன்,
ஏற்கெனவே தேய்த்த சட்டியை.

நைட் ஷிஃப்ட் முடிந்து அப்பா வந்தார்.
"ரிசல்ட்டு வந்துச்சாம்மா?"
"இன்னும் வரலப்பா."
இதுவரைக்கும் இந்த விஷயத்தில்
நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.
வந்திருந்தது. எல்லோருக்கும் எண்,
எனக்கு மட்டும்
'நிறுத்திவைக்கப்பட்டுள்ளது'.

காலையில் பின்வாசல் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.
வகுப்பில் பாதிப்பேர் வாங்கிய அறுபது ரூபாய் நோட்ஸ்,
யாரோ ஒரு சீனியரின் சாய்ந்த கையெழுத்து.
என்னுடையதைப் பரீட்சை முடிந்த அன்றே
எடைக்குப் போட்டிருந்தேன்.
"ஒரிஜினல் இருக்காண்ணா?"
பிச்சாண்டி அண்ணன் ஸ்டூலில் ஏறி
மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளினார்.
"அந்த வாரம் டோனர் தீந்துபோச்சும்மா.
குலுக்கிக் குலுக்கித்தான் ஓட்டினேன்.
ஏன், பக்கம் எதுனா விட்டுப்போச்சா?"

பக்கம் நாற்பத்தியொன்று.
பென்சிலால் எழுதியது, ஆறாவது வரி.
இருந்தது.
மயிரிழைக் கீறலாக,
வெயிலில் பிடித்தால் இருந்தது,
மேசையில் வைத்தால் இல்லை.

"எடுத்துக்கோ, காசு வேணாம்" என்றார்.
காசு கொடுத்தேன்.
ரசீதும் கேட்டேன். சிரித்தார்.
ஜெராக்ஸ் கடையில் ரசீது கேட்ட முதல் ஆள் நான்தானாம்.

வியாழன் பதினொரு மணிக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.
அந்த அறையில் இரண்டு டியூப்லைட்,
ஒன்று எரிவதில்லை.
ஜன்னல் இருக்கிறது, என் ஸ்டூலுக்குப் பின்னால்.
பச்சைத் திரை, கயிறு இடது பக்கம்.
எழுந்து போய் இழுக்க
அனுமதி கேட்க வேண்டும்.