வருகையின் நோக்கம்

ஓஹியாவில் எங்களை இறக்கிவிட்டு
ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்த பிறகுதான்
மெல்ரோய்க்கு நினைவு வந்தது,
கூடாரத்தின் ஆணிப் பையை இருக்கையிலேயே விட்டது.
அது பதுளைக்குப் போயிருக்கும்.

காட்டு வாசலில் ஒரு மேசை,
ஒரு பதிவேடு, நூலில் கட்டிய பேனா.
மூன்று மொழியிலும் கேட்டிருந்தார்கள்:
பெயர். அடையாள அட்டை இலக்கம்.
ஆட்கள் எத்தனை. இரவுகள் எத்தனை.
வருகையின் நோக்கம்.

பொழுதுபோக்கு, என்று எழுதினாள் தர்ஷிகா.
மேற்படி, என்றான் அவள் புருஷன் மெல்ரோய்.
நான் பேனாவைப் பிடித்தபடி நின்றேன்.

காட்டுக்கு நான் புதியவள் இல்லை.
அப்போதெல்லாம் யாரும் நோக்கம் கேட்கவில்லை,
தலையிலிருந்த விறகே சொல்லிவிடும்.
ஒருநாள் பிடித்தார்கள்.
கத்தி போனது, கயிறு போனது,
அலைந்து திரிந்ததில் அம்மாவுக்கு
இரண்டு நாள் பேரும் போனது.

இவன் வேறு ஆள். என்னைவிட இளையவன்.
காக்கி மட்டும் அதே காக்கி.
உள்ளே விறகு பொறுக்கக் கூடாது, என்றான்,
சிங்களத்தில், பிறகு தமிழில்.
கட்டு இங்கேயே விற்கிறோம். முந்நூற்றைம்பது ரூபாய்.

வாங்கினேன்.
கை தானாகத் தலைக்குப் போனது.
இறக்கி, இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தேன்.
நோக்கத்தைப் பிறகு எழுதலாம், என்று பின்னாலிருந்து கத்தினான்.

ஓடைத் தண்ணீர் சீனி போடாத பிளேன்டீ நிறம்.
கரையில் பாசி, பாசிக்குள் கால் புதையும் ஈரம்,
சவர்க்காரம் தேய்த்த காலையும் தேடி வரும் அட்டை.
ஆணி இல்லாத கூடாரத்துக்கு
ஆறு கரண்டியை அடித்து இறக்கினான் மெல்ரோய்,
ஏழாவதுக்கு ஒரு கல்.
அன்றிரவு சோற்றைக் கையால்தான் தின்றோம்,
அள்ளிப் போட்டதும் கைதான்.

இஞ்சி சோடாப் போத்தலைக் கயிற்றில் கட்டி
ஓடைக்குள் குளிர வைத்தாள் தர்ஷிகா.
பிறகு செய்ய ஒன்றுமில்லை.
அவர்கள் இருவருக்கும் அது பழக்கம் போல,
ஒரு பாறையில் முதுகு சாய்த்துக்கொண்டார்கள்.
நான் சட்டியைக் கழுவினேன்.
கழுவிய சட்டியைக் கழுவினேன்.
மூன்றாம் தடவை, மணலைப் போட்டுச் சுழற்றும்போது
தண்ணீர் சட்டியை மெல்ல வாங்கியது,
கொடுத்தேன். திருப்பித் தந்தது.
மறுபடி கொடுத்தேன்.
இருட்டும் வரை அப்படியே இருந்தோம்,
நானும் ஓடையும் ஒரு அலுமினியச் சட்டியும்.

இருவர் படுக்கும் கூடாரத்தில் மூவர்.
முழங்கை இடிக்கிறது, மூச்சு முட்டுகிறது,
என்று மெல்ரோய் புலம்பினான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பிராவில்
ஏழு பேர் மூச்சில் எது யாருடையது என்று
இருட்டில் பிரிக்கத் தெரிந்தவள்.
எங்கேயோ ஒரு மரை கத்தியது.
துணிக்கு அந்தப் பக்கம் மழை
விரல் விரலாகத் தட்டிப் பார்த்துவிட்டு
மேல்மலைக்குப் போனது.

விடியும்போது ஓடை இரண்டு கல் உயர்ந்திருந்தது.
கயிறு இருந்தது. முடிச்சும் இருந்தது.
போத்தல் இல்லை.
ஓடை குடித்துவிட்டதென்று தர்ஷிகா சிரித்தாள்,
குளிரில் பல் தந்தியடிக்க.

திரும்பும்போது அதே மேசை.
பதிவேட்டில் என் கட்டம் வெறுமையாகக் கிடந்தது.
எழுதினேன்: சும்மா.
அப்படியென்றால், என்று கேட்டான்.
நிகங், என்றேன்.
நிகங்? என்று இழுத்தான்,
பக்கத்து அறையில் இருந்தவனைக் கூப்பிட்டும் காட்டினான்.

பிறகு என் கையைப் பார்த்தான்.
எரிந்து மீந்த மூன்று விறகு.
காட்டிலிருந்து எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது, மிஸ்.

பற்றுச்சீட்டைக் காட்டினேன்.
நீண்ட நேரம் படித்தான்,
பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தான்.
ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது.
கணுக்காலில் அட்டை கடித்த இடம்
அப்போதுதான் அரிக்கத் தொடங்கியது.